நாலாவது பட்ட மரம்

தலைமையேற்று அமர்ந்திருக்கும் விழாக் குழுத் தலைவர் தருமன் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோர்களே, களையெடுப்பைப் பாதியில் போட்டுவிட்டு வந்து மண்தரையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, அடி அண்ணாமலை மக்கள் அத்தனை பேருக்கும் கத்திரி பயிரிடும் அருணாதேவியின் வணக்கம்.

கிரிவலப் பாதையை அழகாக்கியதற்குப் பாராட்டு விழா என்றீர்கள். நன்றி சொல்லக் கூப்பிட்டீர்கள். பொன்னாடையும் போர்த்தினீர்கள். நன்றியா சொல்ல வந்தேன்? என் வயிற்றெரிச்சலைக் கொட்ட வந்தேன்.

போன பௌர்ணமிக்கு முந்தின பௌர்ணமி. நடந்து வந்த ஓர் அம்மா கருவண்டைக் கண்டு அலறினார். "இம்மாம் பெருசா கீது, கொட்டிடப் போவுது"ன்னாங்க. கொட்டியதா? இல்லை. ஆனாலும் மலையோரம் நின்ற நாலு பட்ட மரங்களில் பொந்து குடைந்து குடியிருந்த வண்டுகளை ஒழிக்க ஊரே திரண்டது. மூன்று மரங்களை வெட்டினீர்கள். வெட்டிய கட்டையை அங்கேயே கொளுத்தினீர்கள். உள்ளே குஞ்சும் குளுவானுமாய் வெந்ததே, ஒருவர் கேட்டீர்களா?

என்ன தம்பி, வண்டுக்கா இவ்ளோ பேச்சுன்னு சிரிக்கிற? உக்காரு, சொல்றேன்.

கத்திரிப்பூ லேசில் மகரந்தம் தராது. கருவண்டு வந்து பூவைக் கவ்விப் பிடித்து, உடம்பே அதிர உலுக்கினால்தான் கொட்டும். அரைக் காணி போட்டிருக்கிறேன். பூ இருக்கிறது, பிஞ்சு இல்லை. பூத்தது பூத்தபடி உதிர்கிறது. பக்கத்துக் கொல்லைக்காரி தனத்துக்கும் அதே கதைதான். பூச்சிமருந்துக் கடைக்காரரோ, "இன்னும் ஜாஸ்தியா அடிங்க"ன்னு டப்பாவை நீட்டுறார்.

மலையைச் சாமி என்று சுற்றுகிறோம். அந்த மலை வளர்த்த உயிரைச் சுட்டுச் சாம்பலாக்கிவிட்டு, எந்த முகத்தோடு வரம் கேட்கிறோம்?

குழுவைத் திட்டுறேன்னு தலையாட்டாதீங்க. மரத்தை வெட்டச் சொல்லி ஊர் கொடுத்த தாளில் முதல் கையெழுத்து யாருது? என்னுது. கையெழுத்துப் போட்ட இந்தக் கைதான் இன்று காலையும் விழுந்த பூவைப் பொறுக்கியது. எனக்கு என் மேலேதான் ஆத்திரம் அடங்கவில்லை.

இந்த மேடைக்குப் பின்னால் நாலாவது மரம் நிற்கிறது. அதில் மட்டும் இன்னும் வண்டு இருக்கிறது. நாளைக் காலையில் அதையும் வெட்ட ஆள் சொல்லியிருக்கிறீர்கள்.

தலைவரே, மணியடிக்காதீங்க, முடிச்சுட்டேன். எனக்குப் போர்த்திய பொன்னாடையை அந்த மரத்துக்குக் கட்டப் போகிறேன். மஞ்சளும் குங்குமமும் மடியிலேயே இருக்கின்றன. துணி கட்டிப் பொட்டு வைத்த மரத்தின் மேல் கோடாலி ஓங்க இந்த ஊரில் எவனுக்குத் துணிச்சல் உண்டு? இருந்தால் வரட்டும். மரத்தடியில் நான் உட்கார்ந்திருப்பேன்.

பொறுத்துக் கேட்ட உங்களுக்கும், பொந்துக்குள் பொறுத்திருக்கும் அந்த உயிருக்கும் நன்றி கூறி இறங்குகிறேன், வணக்கம்.