பரீட்சை நாளில் தின்ற முட்டை

ஹலோ... ஹலோ, சுதபா தீதியா? ... நான்தான், பக்கத்து வீட்டு ஜர்ணா. ஸ்கூல்லயா இருக்கீங்க? ... வகுப்பு கிடக்கட்டும், வராண்டாவுக்கு வாங்க... ஒண்ணுமில்ல, பதறாதீங்க. உங்க குப்லு முட்டை தின்னுட்டான்.

... ஆமா, இன்னிக்குத்தான். பரீட்சையும் அதுவுமா... ஆமா, ஆமா, முட்டை தின்னுட்டுப் போனா முட்டைதான் வாங்குவான். நானும் இதே டம்டம்ல பொறந்து வளந்தவதானே, எனக்குத் தெரியாதா? வேற யாராவது திரிச்சுச் சொல்றதுக்குள்ள நானே சொல்லிடலாம்னுதான்...

... நான் எங்க எட்டிப் பாத்தேன்? என் அடுப்பங்கரை ஜன்னலும் அவன் ரூம் ஜன்னலும் மூக்கை இடிச்சுக்கிட்டு நிக்குது. கண்ணை மூடிக்கிட்டா மீன் வறுக்கிறது?

... கேட்டேன், கேட்காம இருப்பேனா? "ஏண்டா, ரெண்டு தடவை கோட்டை விட்ட கணக்கு. இதுவும் அரியர் விழுந்தா புனே வேலை போச்சு. உங்கம்மா அசன்சோல்ல ஒண்டியா கிடந்து உழைக்கிறா"ன்னு... அதுக்கு இந்தச் சித்திகிட்ட என்ன சொல்றான் தெரியுமா? "காகிமா, மல்டிவேரியபிள் கால்குலஸ்ல நாங்க தேடறதே பூஜ்யத்தைத்தான். எக்ஸ் பக்கம் சரிவு பூஜ்யம், ஒய் பக்கமும் பூஜ்யம்னா அங்கதான் மலை உச்சி. ரெண்டு வருஷமா அம்மா பரீட்சைக்கு முட்டையைக் கண்ணுல காட்டல, எனக்கும் ஒரு உச்சிகூடச் சரியா ஆப்பிடல"ங்கறான்!

... சிரிக்கல தீதி, இருமல்.

... விடுவேனா? "பள்ளத்துக்கு அடியிலயும் சரிவு பூஜ்யம்தானேடா? குதிரைச் சேணத்துல நடுவுல உக்காந்தாலும் அப்படித்தான். முன்னாலயும் பின்னாலயும் ஏறுது, கால் பக்கம் ரெண்டும் இறங்குது. உன் பூஜ்யம் இதுல எதுடா?"ன்னேன்... எனக்கெப்படித் தெரியும்னா, அந்தக் கண்ணாடி போட்ட பொண்ணு நேத்து பூரா அதைத்தானே கத்திக் கத்திச் சொல்லிக்குடுத்தா...

எந்தப் பொண்ணா? அடடா, உங்ககிட்ட சொல்லலையா அவன்? ... ஸ்ரீதமாவாம். கூடப் படிக்கிறவ... கதவெல்லாம் திறந்துதான் இருந்துச்சு. தலையணையை வளைச்சு, இதுதான் சேணம்னு காட்டினா. உங்க பையன் சேணத்தையா பாத்தான்?

... இருங்க, முழுசாக் கேளுங்க. நான் கேட்டதும் தலையில அடிச்சுக்கிட்டான். போன ரெண்டு தடவையும் பூஜ்யம் வந்ததுமே உச்சின்னு எழுதிட்டு, அடுத்த கணக்குக்குத் தாவிட்டானாம்! அதுக்கப்புறம்தான் இன்னொரு சோதனை இருக்காம், உச்சியா பள்ளமா சேணமான்னு பாக்க. வாயில முட்டையோட நோட்டைப் புரட்டினான் பாருங்க... ஆமா... ஆமா, நல்லதுதான். பத்து நிமிஷத்துல அந்தப் பழைய கணக்கைப் போட்டுப் பாத்துட்டு "சேணம்தான் காகிமா, சேணம்தான்!"னு ஒரு கத்து. என் மீன் ஒண்ணு கருகியே போச்சு.

... கிளம்பிட்டான், கிளம்பிட்டான். நல்ல சகுனமா நெத்தியில தயிர்ப்பொட்டு வெச்சுத்தான் அனுப்பினேன், புருவம் வரைக்கும் வழிஞ்சுது... ஹால் டிக்கெட் பத்திரமா இருக்கு, பையைத் திறந்து பாத்துட்டேன்... சும்மா, தற்செயலா.

... எந்தப் பாவி குடுத்தாளா? அதைத்தான் தீதி நானும் யோசிக்கிறேன். கல்நெஞ்சக்காரி! ஆனா பாவம், நேத்திலேருந்து பொரியைத் தவிர அவன் வயித்துல ஒண்ணும் போகல. கண்ணு ரெண்டும் குழி விழுந்து கிடக்கு. அதைப் பாத்தா யாருக்குத்தான் மனசு கேக்கும்? கடுகெண்ணெயில வெங்காயத்தைப் பொடியா அரிஞ்சு போட்டு, ரெண்டே ரெண்டு...

... வாசனை தீதி, வாசனையை வெச்சுச் சொல்றேன்! ... ரெண்டுன்னா... சத்தம். ரெண்டு தடவை உடைக்கிற சத்தம் கேட்டுச்சு.

... சரி, சரி, சனிக்கிழமை நீங்க வீட்டுக்கு வந்ததும் அவனைக் கேளுங்க, நான் வேணாங்கல. அப்படியே மேஜை மேல நீலக்கரை போட்ட தட்டு ஒண்ணு இருக்கும், அதைக் கழுவி ஜன்னல் வழியா என்கிட்ட...

... யாரோட தட்டா?

ஹலோ? ... தீதி? ஒண்ணுமே கேக்கலையே... ஹலோ... ஹல்—