தீவுக்கு முன் ஒரு சுற்று

குற்றாலத்துப் படகுத்துறையில் நுழைவுச்சீட்டு வாங்க நின்றபோது, எனக்கு முன்னால் ஓய்வுபெற்ற காவல்துறை ஓட்டுநர் ஒருவரும் அவர்தம் மனைவியாரும் உரையாடிக்கொண்டிருந்தனர்.

“படகுக்கு பிரேக்கே கெடையாதாம். கிரீஸ் நாட்டுல இருக்க நம்ம மக சொல்லுதா,” என்றார் மனைவியார்.

“சர்வீஸ் முழுக்க ஜீப் ஓட்டுனவன்ட்டி நான். மகளப் பாக்கப் போறப்ப, அங்கன மோட்டார் படகை வாடகைக்கு எடுத்து, ஒரே நாள்ல நாலு தீவுக்கு நானே ஓட்டிக் காட்டுதேன்.”

“ஓட்டுங்க. நான் கரையிலயே இருந்துக்கிடுதேன்.”

“இன்னைக்கு இந்தக் குளத்த ஒழுங்கா ஒரு சுத்து சுத்திட்டா?”

“அப்பம் அங்கயும் உங்க கூட படகுல வருதேன்.”

இருவரும் மிதிபடகில் ஏறினர். சிறிது தொலைவு சென்றதும் அது ஒரே இடத்தில் சுழலத் தொடங்கிற்று.

“ஏட்டி, நீயும் மிதி.”

“மிதிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்க காலால பிரேக்கத் தேடுதத நிறுத்துங்க.”

படகு கரையில் முட்டி நின்றது. “சரி, அங்கன நீ கரையிலயே இரு,” என்று தாழ்ந்த குரலில் கூறியவாறு அவர் இறங்கினார்.

மனைவியாரோ வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார்.

“இங்கன வாங்க, இன்னொரு தடவ ஓட்டுவோம். அந்தக் கடல்ல உங்களக் கேலி பண்ண என்ன விட்டா யாரு இருக்கா?”