எட்டாவது இருக்கை

எனக்கு நீச்சல் தெரியாது. தண்ணீரிலும் தரையிலும் ஓடுகிற கவச வண்டிகளின் சோதனைப் பிரிவில் பதினாறு வருஷம் வேலை பார்த்தவன் இப்படிச் சொன்னால் யாருக்கும் சிரிப்பு வரும். ஆபீஸில் சிரித்திருக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

இதை முதலில் தமிழில் எழுதுகிறேன். உங்கள் விசாரணைக் குழுவில் யாரையாவது வைத்து மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் ‘தவறு நேர்ந்தது’, ‘பதிவு நீக்கப்பட்டது’ என்றுதான் எனக்கு வருகிறது. செய்தவன் யார் என்று தெரியாதபடி எழுதி எழுதி அப்படிப் பழகிவிட்டது.

என் பெயர் சுந்தரராமன். வயது ஐம்பத்தாறு. கலிஃபோர்னியாவின் டப்ளினில் வீடு, ஃப்ரீமான்ட் பக்கத்தில் வேலை. கடலில் போகும்போது வண்டி மூழ்கினால், பின்பகுதியில் உட்கார்ந்திருக்கும் எட்டு வீரர்களும் எவ்வளவு நேரத்தில் வெளியே வருவார்கள் என்று அளப்பதுதான் அந்த வேலை. எங்கள் ஷெட்டுக்குள் பெரிய தண்ணீர்த் தொட்டி ஒன்று உண்டு. வண்டியின் பின்பகுதி மாதிரியே செய்த இரும்புக் கூட்டில் எட்டுப் பேரை ஹெல்மெட்டும் கவச வெஸ்ட்டுமாக உட்காரவைத்து, கிரேனால் தொட்டிக்குள் இறக்கி, விளக்கை அணைப்போம். ஒன்றரை நிமிடத்தில் எல்லோரும் மேல்கதவு வழியாக வெளியே வந்துவிட வேண்டும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் புது மாடலுக்குப் பதினான்கு முறை இப்படிச் செய்தோம். பன்னிரண்டு முறை சரியாக வந்தது. ஆறாவது முறையும் பதினொன்றாவது முறையும் எட்டாவது இருக்கையில் இருந்தவர் வரவில்லை. பாதுகாப்புக்கு நின்ற டைவர் உள்ளே போய் இழுத்து வந்தார். அந்த இருக்கையை ஒட்டி, தீயணைப்பான் மாட்டுவதற்கு வளைந்த இரும்புப் பிடி ஒன்று இருந்தது. வெஸ்ட்டின் பட்டை அதில் சிக்கிக்கொண்டது.

நேரம் குறித்து அட்டவணை போடுவது கயலின் பொறுப்பு. பொள்ளாச்சிப் பெண். முப்பது வயது இருக்கும். மற்றவர்கள் முன்னால் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள், தனியாக இருந்தால் அங்கிள்.

“அங்கிள், ரெண்டு தடவையும் அதே சீட்டுங்க. அந்தப் பிடியிலதான் ஸ்ட்ராப் மாட்டுது. டிசைன் டீமுக்கு மெயில் பண்ணிடட்டுங்களா?” என்று கேட்டாள்.

“வெஸ்ட் சைஸ் தப்பும்மா. அந்த ரெண்டையும் பிராக்டிஸ் ரன்னுன்னு போட்டுடு, கணக்குல வராது” என்றேன்.

“பிராக்டிஸ் இல்லீங்களே. டைவர் இழுத்துட்டு வந்தாருங்களே.”

“நான் சொல்றேன்ல கயல், போடு.”

போட்டாள். அட்டவணையின் அடியில் அவள் கையெழுத்து இருந்தது. அறிக்கையின் முதல் பக்கத்தில் என்னுடையது.

போன செப்டம்பரில், தெற்குக் கடற்கரையில் நடந்த பயிற்சியில், காலை ஒன்பது மணிக்கு அந்த மாடல் வண்டி ஒன்றுக்குள் தண்ணீர் ஏறி அது மூழ்கியது. ஏழு பேர் மேலே வந்தார்கள். எட்டாவது இருக்கையில் இருந்த ஈத்தன் ப்ரூவர் வரவில்லை. வயது பத்தொன்பது. வண்டியை மேலே எடுத்தபோது அவன் வெஸ்ட்டின் பட்டை அந்தப் பிடியில் மாட்டியிருந்தது. கையில் கத்தி இருந்தது. பட்டையைப் பாதி அறுத்திருந்தான்.

கம்பெனி சார்பில் அஞ்சலிக் கூட்டத்துக்கு நான்தான் போனேன். அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, இவ்வளவு தூரம் டிரைவ் பண்ணி வந்ததற்கு நன்றி என்றார். நானும் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். குரல் தடுமாறவில்லை.

பிறகு நீங்கள் வந்தீர்கள். அந்த இரண்டு முறையையும் பிராக்டிஸ் என்று மாற்றியது யார் என்று கேட்டீர்கள். அட்டவணை கயலுடையது என்றேன். உங்களுக்குத் தெரியாதா என்றீர்கள். அவளை அதிகமாக நம்பிவிட்டேன் என்றேன். அந்த வாரமே அவளுக்கு வேலை போயிற்று. என் மனைவி அனந்தலக்ஷ்மி கொடுத்த புளியோதரையை எடுத்துக்கொண்டு அவள் அபார்ட்மென்ட்டுக்குப் போனேன். கதவைத் திறந்து வாங்கிக்கொண்டாள். “ஆன்ட்டிகிட்ட தேங்க்ஸ் சொல்லுங்க” என்றாள். கதவைச் சாத்தினாள்.

ஏன் மறைத்தேன் என்று நீங்கள் யோசிப்பீர்கள். கம்பெனி நெருக்கியிருக்கும், டெலிவரி தேதி நெருங்கியிருக்கும் என்று தோன்றும். யாரும் நெருக்கவில்லை. அந்தப் பிடியில் நான்கு போல்ட். கழற்றி எதிர்ப்பக்கம் மாட்ட அரை நாள் வேலை.

தொட்டிச் சோதனைக்கு இரண்டு வாரம் முன்னால், தண்ணீர் இல்லாமல் ஓர் ஒத்திகை பார்த்தோம். ஓர் ஆள் குறைந்ததால் எட்டாவது இருக்கையில் நான் உட்கார்ந்தேன். விளக்கை அணைத்தார்கள். ‘வெளியேறு’ என்று குரல் வந்தது. ஏழு பேரும் ஏறிப் போய்விட்டார்கள். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. பின்னாலிருந்து ஏதோ பிடித்து இழுத்தது. ஷெட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும் கத்தினேன். அம்மா என்று கத்தினேன்.

டார்ச்சோடு கயல்தான் உள்ளே வந்தாள். “ஒண்ணுமில்லீங்க அங்கிள், ஸ்ட்ராப் மாட்டியிருக்குது, அவ்வளவுதான்” என்று விடுவித்தாள். சட்டைப் பொத்தானைக் கழற்றுகிற நேரம்கூட ஆகவில்லை. டார்ச் வெளிச்சம் கீழே இறங்கியபோது என் பேன்ட் நனைந்திருந்ததைப் பார்த்தாள். தன் ஜாக்கெட்டைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ளக் கொடுத்தாள். வெளியே நின்றவர்களிடம் வாட்டர் பாட்டில் கொட்டிவிட்டது என்றாள்.

அந்தப் பிடியைப் பற்றி ஒரு வரி எழுதினால், முதலில் எப்போது கவனித்தீர்கள், இருக்கையில் யார், அவருக்கு என்ன ஆயிற்று என்று படிவத்தில் வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். அதை நிரப்பினால் டிசைன் டீம் மொத்தமும் படிக்கும். அதனால் பிடியில் கோளாறு இல்லை என்று முடிவு செய்தேன். தொட்டியில் முதல் ஆள் மாட்டிக்கொண்டபோது எனக்குப் பயம் வரவில்லை. அவர்மேல் கோபம்தான் வந்தது.

நேற்று என் வக்கீல் கயலின் வாக்குமூலத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். பதினொரு பக்கம். ஒத்திகையைப் பற்றி ஒரே ஒரு வரி: ‘சக ஊழியர் ஒருவரின் பட்டை மாட்டியது, உடனே விடுவிக்கப்பட்டது.’ பெயர் இல்லை. என் பெயரைச் சொல்லியிருந்தால் எனக்கு அப்போதே தெரியும் என்பது வெளிவந்திருக்கும், அவள் தப்பித்திருப்பாள். வேலை போன பிறகும் சொல்லவில்லை. அந்த வரியை மூன்று தடவை படித்தேன். அனந்தலக்ஷ்மி சாப்பிடக் கூப்பிட்டாள். எழுந்து போக முடியவில்லை.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். பிடியைப் பற்றி எனக்கு முன்பே தெரியும். அந்த இரண்டு சோதனைகளையும் நீக்கச் சொன்னது நான். கயல் மறுத்தாள், நான் விடவில்லை. உங்களிடம் அவளைக் காட்டிக்கொடுத்துப் பொய் சொன்னேன். ஈத்தன் ப்ரூவர் என்னால் செத்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரு வேண்டுகோள் மட்டும். இதை மொழிபெயர்த்து விசாரணையில் வாசிக்கும்போது அவன் அம்மா முன்வரிசையில் இருப்பார், ஆபீஸ் ஆட்களும் வந்திருப்பார்கள். அந்தப் பேன்ட் விஷயத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். அதற்கும் அவன் சாவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.