முத்து நிற்காத குடுவை

சுரைக்குடுவையைக் கழுவுவது பார்க்கிற அளவுக்கு எளிதான வேலை இல்லை, தோன் நபோர். உள்பக்கம் சொரசொரப்பு, எது பட்டாலும் பிடித்துவைத்துக்கொள்ளும். என் கணவர் எவோடியோவின் குடுவையைக் கல்யாணமான நாளிலிருந்து நான்தான் கழுவுகிறேன். நீங்கள் ஊர் நியாயம் பார்க்கிறவர். பக்கத்து அறையில் அடைத்துவைத்திருக்கிற கிரிஸ்பினை என்ன செய்வதென்று இன்று முடிவெடுக்கப் போகிறீர்கள். அதற்குமுன் இந்தக் குடுவை விஷயத்தைக் கேட்டுவிடுவது நல்லது.

எவோடியோ காய்ச்சுகிற கற்றாழைச் சாராயத்தை, அந்த மெஸ்காலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் மகள் கல்யாணத்தில் ஓடியதும் அதுதான். ஆனால் அவருக்கு நாக்கைவிட முத்தில்தான் நம்பிக்கை. நாணல் குழாயால் சரக்கை உறிஞ்சிக் குடுவைக்குள் பீய்ச்சுவார். நுரை முத்து முத்தாக ஓரத்தில் கூடி நின்றால் சரக்கு சரி. சட்டென்று உடைந்தால் சரியில்லை.

அவர் காய்ச்சுகிற கொட்டகையில் எனக்கு வாசல் வரைதான் அனுமதி. பெண் உள்ளே வந்தால் ஊறல் கெட்டுவிடுமாம். கழுவ வரும் குடுவையின் அடியில் மட்டும் ஒரு வாய் மிஞ்சியிருக்கும். அதை நான் ஒருநாளும் கொட்டியதில்லை. முதலில் புகை வரும். அதன் பின்னால் குழியில் வெந்த கற்றாழையின் இனிப்பு, காய்ந்த மண்ணில் மழை விழுந்த வாசம். கடைசியில் மட்டும் லேசாக ஈரத்தோல் வாடை அடிக்கும். காய்ச்சும்போது கடைசியாக வடிகிற சரக்கைச் சீக்கிரம் ஒதுக்கியிருந்தால் அது வராது. அவரிடம் சொன்னதில்லை.

போன வருடம் அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. குனிய முடியவில்லை.

“கொஞ்ச நாள் உக்காருங்க. நான் பாத்துக்கறேன்” என்றேன்.

“நீயா? உன் மூச்சுக்காத்து பட்டாலே ஊறல் வினிகர் ஆயிடும்டி. போ, போய் பீன்ஸைக் கிளறு.”

போய்க் கிளறினேன். பீன்ஸில் பன்றிக் கொழுப்பு போட்டிருந்தேன், விரலில் ஒட்டியிருந்தது. அந்த விரலால்தான் குடுவையைத் துடைத்தேன். முதல் தடவை அது தற்செயல் என்றே சொல்லலாம்.

கொழுப்பு பட்ட இடத்தில் முத்து நிற்காது. நுரை வந்த வேகத்தில் செத்துவிடும். மறுநாள் அவர் முகம் வெளுத்துப்போய் வந்தார்.

“முத்து நிக்கலடி, ஹெர்லிந்தா.”

“சரியாப் பாத்தீங்களா?”

“எத்தனை தடவை பாக்கறது? எந்தப் பாவி கண்ணு பட்டுச்சோ!”

கொட்டகை வாசலில் காய்ந்த மிளகாய்ச் சரம் கட்டினார். குழிமேல் இன்னொரு சிலுவை நட்டார். நல்ல சரக்கை மறுபடி மறுபடி காய்ச்சிப் பாழாக்கினார். குடுவையை மட்டும் அவர் சந்தேகிக்கவில்லை. அது அவர் அப்பாவுடையது. அதைக் கழுவுகிறவளும் வேற்றாள் இல்லை.

கிரிஸ்பினை நான் குற்றம் சொன்னதாக யாரும் சொல்ல முடியாது. ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: “நேத்து கிரிஸ்பின் வந்து ஊறல் தொட்டியை எட்டிப் பாத்தாரு, இல்ல?” எங்கள் அரைக்கும் கல்லை இழுப்பது அவன் கோவேறு கழுதை. அவன் தினமும் வருகிறவன், தினமும் பார்க்கிறவன். அவன் மாறுகண் அப்போதுதான் என் கணவர் கண்ணில் பட்டது.

“அந்தக் கோணக்கண்ணைத் திருப்புடா! என் முத்தெல்லாம் போச்சு!”

“என் கண்ணுக்கு அவ்வளவு சக்தி இருந்தா, தோன் எவோடியோ, இந்தக் கழுதை ஒருநாளாவது என் பேச்சைக் கேட்டிருக்காதா?”

ஊர் சிரித்தது. எவோடியோ சிரிக்கவில்லை. அன்று மாலை நாணல் குழாயை என் மடியில் வைத்தார். “நீ ஒரு தடவை பாரு. இனிமே கெட என்ன இருக்கு?” என்றார்.

எனக்கென்று வேறொரு குடுவை வாங்கி வைத்திருந்தேன். நானே காய்ச்சிய சரக்கில் முத்து கூடியது, நின்றது, அசையவே இல்லை. ஈரத்தோல் வாடையும் இல்லை. ஊர்த் திருவிழாவில் நீங்கள் நான்கு முறை கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, “எவோடியோ கை திரும்பிடுச்சு!” என்று அவர் தோளில் தட்டினீர்கள். அவர் அப்படியே எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டார்.

இதையெல்லாம் அவர் முதுகுக்காகத்தான் செய்தேன். இப்போது முதுகு நன்றாக இருக்கிறது. பகல் முழுக்கச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். நடுவில் ஒருமுறை எழுந்து வந்து, கிரிஸ்பின் தன் முத்துகளைத் திருடிவிட்டான் என்று உங்களிடம் புகார் கொடுத்தார். நீங்கள் அவனைப் பிடித்து உள்ளே வைத்தீர்கள்.

கிரிஸ்பின் கண்ணில் ஒன்றும் இல்லை. வெறும் மாறுகண். செய்தது நான். மனசாட்சி உறுத்தியது, வந்து சொல்லிவிட்டேன்.

மதியத்துக்குள் அவனை விட்டுவிடுங்கள். நேற்று குழியைத் திறந்தோம். கற்றாழை தேன்போல வெந்திருக்கிறது, காத்திருக்காது. அந்தக் கழுதை அவன் பேச்சைக் கேட்காது என்பது உண்மைதான். ஆனால் மற்றவர்கள் பக்கத்தில் போனாலே உதைக்கிறது.

எவோடியோவிடம் மட்டும் சொல்லாதீர்கள். அவர் தாங்கமாட்டார். இன்று காலையில்தான் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. “கிரிஸ்பினைத்தான் அடைச்சாச்சே, இன்னிக்கு ஒரு தடவை பாக்கறேன். என் குடுவையைக் கொஞ்சம் கழுவிக் குடு” என்றார்.

பீன்ஸைக் கிளறிவிட்டு, கழுவிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். எப்போதும் கழுவுகிற மாதிரி.