நாவல்காட்டு வளைவும் பொறியாளர் அரங்கநாதனும்

தலைமை ஏற்றிருக்கும் ஐயா விஜயராகவன் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் நெடுஞ்சாலைத் துறைப் பெரியோர்களே, மறைந்த பொறியாளரின் அருமை மகள் சிவரஞ்சனி அவர்களே, கள்ளக்குறிச்சி நகரப் பெருமக்களே, முதல் பஸ்ஸைப் பிடித்துக் கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்திருக்கும் என் சொந்தங்களே, உங்கள் எல்லோரையும் கும்பிடுகிறேன்.

நான் வேடியப்பன். நாவல்காட்டு விவசாயி, முன்னாள் வார்டு உறுப்பினர். சுருக்கமாகப் பேசச் சொன்னார்கள். எங்கள் மலையில் எதுவும் சுற்றிச் சுற்றித்தான் ஏறும், என் பேச்சும் அப்படித்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உதவிக் கோட்டப் பொறியாளர் அரங்கநாதன் அவர்களைப் பற்றிப் பேசுவதென்றால் அந்தச் சாலையைப் பற்றித்தான் பேச வேண்டும். கள்ளக்குறிச்சியில் புறப்பட்டு, கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டி மலையேறி, எங்கள் ஊர் வழியாக வெள்ளிமலைக்குப் போகிறதே, அந்தச் சாலை. என் அப்பா காலத்தில் அது ஒற்றையடிப் பாதை. புளியையும் கடுக்காயையும் தலையில் சுமந்து சந்தைக்கு இறங்கினால் வீடு திரும்ப மறுநாள் ஆகும். அப்புறம் ஜீப் மட்டும் ஏறுகிற மண் ரோடு வந்தது. மழை பெய்தால் அதுவும் இல்லை. அதில் தார் போட வந்தவர் யார்? களமருதூரில் நெல் விளைவித்த குடும்பத்தில் பிறந்த நம் அரங்கநாதன். இன்று ஆஸ்பத்திரி, கோர்ட்டு, காலேஜ், கலெக்டர் ஆபீஸ் எல்லாம் எங்களுக்கு ஒரு பஸ் தூரம். இந்த நன்றியை எந்த வாயால் சொல்வது?

தார் போட்ட முதல் வருடம் நாங்கள் அடித்த கூத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், அவரும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். மலையில் சமதரை ஏது? கல்லும் மண்ணும் கலந்த சாமையைத்தான் காலங்காலமாகப் புடைத்துக்கொண்டிருந்தோம். அப்படிப்பட்டவர்கள் வீட்டுக்கு முன்னால் வழவழவென்று தார் ரோடு வந்தால் என்ன தோன்றும்? சாமை அடிக்கச் சர்க்கார் களம் போட்டுக் கொடுத்திருக்கிறது என்றுதான் எங்களுக்குத் தோன்றியது. ஊரே கூடிச் சாணம் கரைத்து ரோட்டை மெழுகினோம். கோலமும் போட்டோம். அன்றைக்குப் பார்த்தா மேலதிகாரி ஆய்வுக்கு வர வேண்டும்? வளைவில் அவர் ஜீப் வழுக்கி, ஓரத்து மண்ணில் போய் நின்றது.

"இன்னாய்யா இது? ரோட்டுல சாணிய பூசி வச்சிக்கினு..." என்று இறங்கினார் அதிகாரி.

எங்கள் ஊர் இருசம்மாள் குறுக்கே வந்து நின்றார். "களம் மெழுகியிருக்குதுங்க. செருப்ப கழட்டிட்டு வாங்க."

அதிகாரி முகம் சிவந்துவிட்டது. பின்னால் இறங்கிய அரங்கநாதன் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். களத்தில் செருப்புக் கால் படக்கூடாது என்பது நெல் அடித்த வீட்டுப் பிள்ளைக்குத் தெரியாதா? எங்கள் மேல் கேஸ் போடாமல் தடுத்தவரும் அவர்தான். அதற்காக அவர் வாங்கிய திட்டை, பின்னால் ஜீப் டிரைவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம்.

ஆனால் சாமை ரோட்டைவிட்டு இறங்கவில்லை. வண்டிச் சக்கரம் ஏறினால் தானாக மணி உதிர்கிறதே, யாருக்குத்தான் விட மனசு வரும்? ஒரு கார்த்திகை மாதம், சுபலட்சுமி என்ற பெண்ணைப் பிரசவ வலியோடு ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் மேலிருந்து வந்தது. ரோடு முழுக்கச் சாமை. ஏற்றினால் வழுக்கிப் பள்ளத்தில் போய்விடும் என்று டிரைவர் நிறுத்திவிட்டார். நாங்கள் வாரி ஒதுக்கி வழி விடுவதற்குள் குழந்தை வண்டியிலேயே பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் பிழைத்தது எங்கள் குலதெய்வத்தின் அருள்.

மறுநாள் அரங்கநாதன் வந்தார். அவரை அவ்வளவு கோபமாக நாங்கள் பார்த்ததே இல்லை.

"ஒவ்வொரு தடவையும் சாமி வந்து காப்பாத்திக்கினு இருக்குமா? எனக்கு சாமையும் வேணும், ஆளும் வேணும். இன்னா பண்ணலாம், சொல்லுங்க."

"எங்க போயி அடிக்கிறது சார்? எடத்த காட்டுங்க, போறோம்" என்றார் இருசம்மாள்.

காட்டினார். அப்போது எங்கள் ஊர் வளைவை நேராக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. பழைய தாரைப் பெயர்த்துவிடுவதாக ஏற்பாடு. அதைப் பெயர்க்காமல் விடச் சொல்லி ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். புதுச் சாலை நேராகப் போனது, பழைய வளைவு எங்களுக்குக் களமானது. பதிலுக்கு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். போகிற வருகிற சாலையில் தானியம் காயக்கூடாது. ஊர்க்கூட்டம் போட்டு ஒப்புக்கொண்டோம்.

போன மாதம் இருசம்மாள் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்திருந்தார். பந்தியில் உட்கார்ந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆம்புலன்ஸில் நானும் கூட ஏறினேன். நல்ல அறுவடை நேரம். படுத்தபடியே என் கையைப் பிடித்து, "ரோடு எப்படி இருக்குது?" என்று கேட்டார்.

"காலியா இருக்குதுங்க சார். நீங்க பேசாம படுங்க" என்றேன்.

கள்ளக்குறிச்சி வரை வண்டி எங்கும் நிற்கவில்லை. கொஞ்சம் தாமதித்திருந்தாலும் வழியிலேயே போயிருப்பார் என்றார் டாக்டர். சென்னையிலிருந்து மகள் வந்து சேர்ந்தார். ஒரு பகல் முழுக்க அப்பாவும் மகளும் பேசினார்கள். அதற்குப் பிறகுதான் அவர் கண்ணை மூடினார்.

அம்மா சிவரஞ்சனி, உங்கள் அப்பா எங்களுக்கு ஒரு சாலையைக் கொடுத்தார். எங்களால் திருப்பிக் கொடுக்க முடிந்தது அந்த ஒரு பகல்தான். மலையில் சாமை அடிக்க இடமில்லாத ஊர்கள் இன்னும் இருக்கின்றன. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு களம் கேட்டு அவர் விட்ட இடத்திலிருந்து நாங்கள் நடப்போம். அன்று அவர் வந்த வழியில் ஒரு மணி சாமை கிடக்கவில்லை. இனி யார் வந்தாலும் கிடக்காது.