ஜோசியக்காரி

— அவ போன் பண்ணா உடனே பை கட்டிடுவீங்களா? என் தங்கச்சி வீட்டுக்குக் கூப்பிட்டா மட்டும் ஒரு வாரம் யோசிப்பீங்க.

— ஆஸ்பத்திரியும் உன் தங்கச்சி வீடும் ஒண்ணாம்மா? துடிப்பு தாறுமாறா இருக்காம். உடனே வரச் சொன்னாங்க.

— என்ன பெரிய 'சொன்னாங்க'? அந்த இ.சி.ஜி. பாக்கற பொண்ணுதானே! தொடை வழியா குழாய் விட்டு, உங்க இதயத்துல கெட்ட இடத்தைச் சுட்டுச் சரி பண்ணது டாக்டரு. அந்தத் துடிப்புக் கோளாறு திரும்ப வருமா வராதான்னு குறி சொல்ல மட்டும் இவ. ஜோசியக்காரி!

— குறி இல்ல, கணக்கு. இதயத்துல மேலறை பெருத்திருக்கு, பிரஷர் இருக்கு, குறட்டை வேற. இப்படி இருந்தா மறுபடி வர வாய்ப்பு ஜாஸ்தின்னா. அதுக்குத்தான் தினம் காலையில இந்த இ.சி.ஜி. தகட்டுல விரல் வெச்சு, துடிப்பைப் பதிஞ்சு போன்ல அனுப்பச் சொன்னது.

— நீங்க குறட்டை விடறது அவளுக்கு எப்படித் தெரியும்?

— நீதானே சொன்ன.

— நான் டாக்டர்கிட்ட சொன்னேன். அவ ஏன் கேட்டுக்கிட்டு நிக்கணும்?

— அடடா.

— என்ன அடடா? இத்தனை வருஷமா உங்க நெஞ்சுல தலை வெச்சுப் படுக்கறவ நான். துடிப்பு தப்புதுன்னு மொதல்ல கண்டுபிடிச்சதே நான். இப்ப நான் எப்படி இருக்குன்னு கேட்டா, 'ஒண்ணுமில்ல, தூங்கு'. அவ கேட்டா மூச்சு விடாம ஒப்பிக்கறீங்க. அவ குரலைக் கேட்டாலே எனக்கு நெஞ்சு படபடங்குது.

— எத்தனை நாளா?

— அவ வந்து ஒட்டிக்கிட்டதுலேருந்து! மாடிப்படி ஏறறப்ப அவ நெனப்பு வந்தாப் போதும், மூச்சு வாங்குது, கண்ணு இருட்டுது. பொறாமைன்னு சொல்லுங்களேன். ஆமா, பொறாமைதான்!

— சரி, செருப்பைப் போடு. ரெண்டு பேரும் போவோம்.

— யாரும் போக வேணாம். உங்களுக்கு ஒண்ணுமில்ல. உங்களைப் பாக்கறதுக்கு அவளுக்கு ஒரு சாக்கு.

— உனக்கு எப்படித் தெரியும்?

— ரெண்டு நாளா, 'நீங்க தூங்கறப்பவே உங்க விரலைப் பிடிச்சு வெச்சு அனுப்பிட்டேன்'னு சொன்னேன்ல? பொய். அது என் விரல். உங்க துடிப்பு எது, என் துடிப்பு எதுன்னு அவளுக்குத் தெரியுதான்னு பாத்தேன். தெரியல பாருங்க! பெரிய ஜோசியக்காரி!

— தெரிஞ்சுது.

— என்னது?

— பாத்த உடனே, 'சார், இது உங்களோடது இல்லையே, யார் விரல் வெச்சது'ன்னுதான் கேட்டா.

— அந்த அளவுக்கு உங்களை மனப்பாடம் பண்ணி வெச்சிருக்காளா?

— சண்டையை வண்டியில போட்டுக்கலாம். அந்தப் பையைத் திறந்து, ஏதாவது விட்டுப்போச்சான்னு பாரு.

— உங்க சட்டையை எண்ணறதுதான் எனக்கு வேலையா?

— திறம்மா.

— இதென்ன... எல்லாம் என் துணியா இருக்கு?