மூணு சீட்டில் ஜெயித்தவள்

14.06.2009, ஞாயிற்றுக்கிழமை மாலை, காவல் நிலையத்தில் பெண் காவலர் முன்னிலையில் கொடுத்த வாக்குமூலம்.

என் பெயர் நாகஜோதி, வயது 28, கணவர் பெயர் மாரிச்செல்வம். சொந்த ஊர் உசிலம்பட்டி பக்கம். தற்போது திருப்பூர் மண்ணரையில் வாடகை லைன் வீட்டில் குடியிருந்து, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். என் கணவர் அதே கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். போன தீபாவளிக்குப் பிறகு ஆர்டர் இல்லையென்று அவரை நிறுத்திவிட்டார்கள். அதன்பின் வெளியூரில் வேலை தேடி வருவதாகச் சொல்லிப் போனவர் திரும்பவில்லை. போனும் சுவிட்ச் ஆஃப். அவர் நம்பர் செத்துப்போகக் கூடாதென்று மாதாமாதம் நானே ரீசார்ஜ் செய்து வருகிறேன்.

அவருக்குச் சீட்டு வித்தை தெரியும். லீவு நாளில் வீட்டில் என் எதிரே உட்கார்ந்து மூன்று சீட்டைக் கவிழ்த்துப் போட்டு, ராணி எங்கே என்பார். ஏமாற்று வேலைக்கு மூணு சீட்டு என்று ஏன் பெயர் வந்தது என்று ஒருமுறை கேட்டேன். "ஆடுறது சீட்டுப் போடுறவனும் நானுந்தான்னு நீ நெனப்ப. பக்கத்துல பணம் வச்சு ஜெயிக்கிறவன், ராணி முனைய மடிச்சு ஒனக்குக் கண்ணக் காட்டுறவன், பூராம் அவன் ஆளுக. நீ ஒருத்திதான் வெளியாளு. பெறகு எங்கிட்டு ஜெயிக்க?" என்றார். ஆனால் என்னிடம் மட்டும் எப்போதும் தோற்பார். ராணியை என் இடது கைப் பக்கமே போடுவார். வேண்டுமென்றே தோற்கிறார் என்பது எனக்குத் தெரியும், காட்டிக்கொண்டதில்லை.

இன்று மதியம் நைட்டி வாங்கக் காதர்பேட்டை போனேன். ஒரு சந்தில் கூட்டம் நின்றது. எட்டிப் பார்த்தபோது, அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து வைத்துச் சீட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர் என் கணவர். தாடி விட்டு, இளைத்திருந்தார். கோபம் வந்தது, அதைவிட அவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றிருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடிவிடுவார், ஆடினால் ஒரு ஆட்டம் முடியும்வரையாவது எதிரே இருப்பார் என்று நினைத்து, என் கம்மலில் ஒன்றைக் கழற்றிப் பெட்டிமேல் வைத்தேன். அதன்பின்தான் அவர் நிமிர்ந்து பார்த்தார். கை நின்றுவிட்டது. பக்கத்திலிருந்தவன் "போடுய்யா" என்று அதட்டவும் சீட்டைப் போட்டார். முனை மடிந்த சீட்டு நடுவில் கிடந்தது. எல்லோரும் அதையே எடுக்கச் சொன்னார்கள். நான் இடது பக்கச் சீட்டைத் திருப்பினேன். ராணி. அவர் கம்மலையும் பணத்தையும் என் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார். அப்போது போலீசார் வரவே எல்லோரும் ஓடினார்கள். அவரும் ஓடினார். நான் ஓடவில்லை.

கையில் பணத்தோடு என்னைப் பார்த்த எஸ்.ஐ. ஐயா, "ஏனுங்கம்மா, மூணு சீட்டுல வெளியாளு ஜெயிச்சு நாங்க பாத்ததே இல்லீங்க. நீங்க அவிங்க ஆளுதானுங்க" என்றார். பிறகு இரக்கப்பட்டு, "கம்மலத் தோத்துட்டேன்னு சொல்லுங்க, சாட்சியாப் போட்டு ஊட்டுக்கு அனுப்பிச்சுடறனுங்க. இல்லீன்னா உங்க பேரும் கேசுல சேந்துருமுங்க" என்றார்.

அந்தக் கூட்டத்தில் அவரைத் தவிர யாரையும் எனக்குத் தெரியாது. அவரைப் பிடித்தால் எனக்கும் தகவல் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன். என்னைக் கேசில் சேர்ப்பதானால் சேர்த்துக்கொள்ளுங்கள். தோற்றேன் என்று எழுத எனக்குச் சம்மதமில்லை. இத்தனை மாதம் கழித்தும் அவர் எனக்கு ராணியைத்தான் போட்டார்.

இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் நிஜம்.

(ஒப்பம்)
மா. நாகஜோதி